வாசகர் கேள்வி – பதில்: ரவுட்டர் பொருத்தியாச்சு, நெட் வரலையே!

வீட்டு வைஃபை ரவுட்டர் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். படிக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கணினியை லேன் கேபிளில் நேரடியாக ரவுட்டரோடு இணைத்துப் பாருங்கள். கேபிளில் நெட் ஒழுங்காக வந்தால் கோளாறு வைஃபை பக்கம். கேபிளிலும் வராவிட்டால் லைனிலோ ரவுட்டரின் அமைப்பிலோ சிக்கல். இது தெரியாமல் வைஃபை சேனலை (அலைவரிசைக்குள் உள்ள பிரிவை) மாற்றுவதும் ஆன்டெனாவைத் திருப்புவதும் வீண் வேலை.

கேள்வி: ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியின் வைஃபை போதவில்லை என்று புது ரவுட்டர் வாங்கி அதில் இணைத்தேன். விளக்கெல்லாம் பச்சையாக எரிகிறது. ஆனால் போனில் ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்றே வருகிறது. ரவுட்டர் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. போனுக்கும் ரவுட்டருக்கும் தொடர்பு இருக்கிறது; ரவுட்டருக்குத்தான் வெளியே போக வழி கிடைக்கவில்லை.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். மற்ற போர்ட்களிலிருந்து நிறத்தாலோ இடைவெளியாலோ பிரித்துக் காட்டப்பட்ட ஒன்று இருக்கும். அதுதான் இன்டர்நெட் போர்ட். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை அதில்தான் செருக வேண்டும். மற்ற லேன் போர்ட்களில் செருகினாலும் விளக்கு எரியும் என்பதால் பலரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். கேபிளின் மறுமுனை ஃபைபர் பெட்டியின் லேன் 1-இல் இருக்கட்டும். சில பெட்டிகளில் மற்றொரு லேன் போர்ட்டை டி.வி. சேவைக்கென்று ஒதுக்கியிருப்பார்கள்; அதில் இணையம் வராது.

அடுத்து, பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் பக்கத்துக்குள் போங்கள். சரியான முகவரி ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே இணைய நிலையைக் காட்டும் பகுதியில் ஒரு ஐ.பி. முகவரி தெரியும். நோயைச் சொல்வது அந்த எண்தான்.

0.0.0.0 என்று இருந்தால் ரவுட்டருக்கு முகவரியே கிடைக்கவில்லை. உங்கள் இணைப்பு யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் பிபிபிஓஇ வகையா, தானாக முகவரி வாங்கும் டிஹெச்சிபி வகையா என்று சேவை நிறுவனத்திடம் கேட்டு அதைத் தேர்ந்தெடுங்கள். சில நிறுவனங்கள் விலான் எண் (இணையப் போக்குவரத்தைத் தனியே பிரித்துக் காட்டும் எண்) ஒன்றையும் கொடுப்பார்கள். அது இல்லாமல் எதைச் செய்தாலும் இணைப்பு எழும்பாது. எல்லாம் சரியாகப் போட்டும் வரவில்லையா? பழைய கருவியின் மேக் முகவரியையே (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) நிறுவனம் இன்னும் நினைவில் வைத்திருக்கலாம். புது முகவரியைப் பதியச் சொல்லுங்கள், அல்லது ரவுட்டரில் ‘மேக் குளோன்’ வசதி இருந்தால் பழைய முகவரியை அதில் கொடுங்கள்.

எண் 192.168 என்று தொடங்கினால், ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது. அதன் கீழ் நீங்கள் இன்னொன்றை வைத்திருக்கிறீர்கள். பொதுவாக இப்படியும் நெட் வரும். இரண்டு கருவிகளும் 192.168.1 வரிசையையே பயன்படுத்தினால்தான் முட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் அனுப்புவது என்று புது ரவுட்டருக்குத் தெரியாமல் போய்விடும். அதன் லேன் முகவரியை 192.168.50.1 என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். உங்கள் கோளாறு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றச் சொல்லி, பிபிபிஓஇ விவரத்தைப் புது ரவுட்டரில் போடுங்கள். ஆன்லைன் விளையாட்டு, வெளியிலிருந்து பார்க்கும் கேமரா இரண்டும் இரட்டை ரவுட்டரில் தகராறு செய்பவை. பிரிட்ஜ் முறை கிடைக்காவிட்டால் புது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ (வைஃபையை மட்டும் பரப்பும்) முறையில் வையுங்கள்.

எண் 100.64 முதல் 100.127 வரை இருந்தால் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து வீட்டுக் கருவியை அணுகும் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ மட்டும் வேலை செய்யாது.

கேள்வி: 300 மெகாபிட் திட்டம் எடுத்திருக்கிறேன். கேபிளில் சோதித்தாலும் 94-க்கு மேல் ஏறுவதே இல்லை. நிறுவனத்தில் ‘எங்கள் பக்கம் எல்லாம் சரி’ என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். 94 என்ற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 100 மெகாபிட் ஈதர்நெட்டில் (லேன் கேபிள் இணைப்பில்) முகவரி போன்ற தலைப்புத் தகவல்களுக்குப் போக மிஞ்சுவது அவ்வளவுதான். லைன் மெதுவாக இருந்தால் 80, 130, 210 என்று எண் அலையும். இப்படி 94-இல் ஆணியடித்தது போல நிற்பதென்றால், வழியில் எங்கோ ஒரு இணைப்பு 1000-இலிருந்து 100-க்கு இறங்கியிருக்கிறது.

சந்தேகிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ரவுட்டரின் போர்ட். பெட்டியில் ‘ஏசி 1200’ என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் அது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸின் 300, 5 கிகாஹெர்ட்ஸின் 867 ஆகிய வைஃபை வேகங்களைக் கூட்டிப் போட்ட கணக்கு. பின்னால் இருக்கும் போர்ட்கள் வெறும் 100 மெகாபிட்டாக இருக்கும் மாடல்கள் ஏராளம். விவரப் பட்டியலில் 10/100 என்று மட்டும் இருந்தால் அந்த ரவுட்டர் உங்கள் திட்டத்துக்குப் போதாது. 10/100/1000 என்று இருக்க வேண்டும். வாங்கும்போது கவனிக்க வேண்டிய முதல் வரி இது. ஆன்டெனாக்களின் எண்ணிக்கை அல்ல.

இரண்டு, கேபிள். உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். பிளக்கில் அவை 1, 2, 3, 6 எண் முனைகள். ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். 4, 5, 7, 8-இல் ஒன்று அறுந்தாலும், கருவிகள் பேசாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். நெட் வரும், எந்த எச்சரிக்கையும் வராது. கணினியில் ஈதர்நெட் நிலையைத் திறந்து இணைப்பு வேகம் 100 என்றா 1000 என்றா இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள கேபிள், ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவில் உள்ள கேபிள் இரண்டையும் ஒவ்வொன்றாக மாற்றிச் சோதியுங்கள். மேலுறையில் ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ என்று அச்சிட்டிருப்பதை வாங்கினால் 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும்.

சுவர் வழியே இழுத்த கேபிளாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். முனையில் புது ஆர்ஜே-45 பிளக் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிளக்கின் கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசை. மறுமுனையிலும் இதே வரிசைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜோடிக் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். கம்பிகளின் நுனி பிளக்கின் முன்சுவரைத் தொட வேண்டும். கேபிளின் வெளியுறை பிளக்குக்குள் நுழைந்து பிடிபட வேண்டும். உறை வெளியே நின்றால் கேபிளை இழுக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் மெல்லிய கம்பிகள் மேல் விழுந்து, கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

கேள்வி: ஹாலில் வேகம் அருமை. கடைசி அறையில் வீடியோ கால் துண்டு துண்டாகிறது. ரிப்பீட்டர் வாங்கி அந்த அறையிலேயே மாட்டியும் பலனில்லை. சிக்னல் கோடு மட்டும் முழுதாகத் தெரிகிறது.

பதில்: அந்தக் கோடு போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையில் உள்ள சிக்னல். ரிப்பீட்டருக்கு ரவுட்டரிடமிருந்து என்ன வருகிறது என்பதை அது காட்டாது. சிக்னல் சாகும் அறையில் வைத்தால், செத்த சிக்னலைத்தான் அது மறுபடி பரப்பும்.

போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு, ரவுட்டரிலிருந்து அறை அறையாக நடந்து டிபிஎம் அளவை (சிக்னலின் வலிமை) குறித்துக்கொள்ளுங்கள். எண்ணில் கழித்தல் குறி இருப்பதால் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -50 மிக நன்று. வீடியோ காலுக்கு -67 வரை தாங்கும். -75-ஐத் தாண்டினால் திணறும், -80-இல் இணைப்பே நிலைக்காது. ரிப்பீட்டரை -60க்கும் -65க்கும் இடைப்பட்ட இடத்தில் மாட்டுங்கள். பெரும்பாலும் அது பாதி வழியில் உள்ள நடையாகவோ பக்கத்து அறையாகவோ அமையும்.

அதற்கும் முன்னால், ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். டி.வி.க்குப் பின்னாலோ, இரும்பு அலமாரிக்குள்ளோ, தரையிலோ இருந்தால் வெளியே எடுத்து ஆள் உயரத்துக்கு ஏற்றுங்கள். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு உலோகம். அலையைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர்த் தொட்டியும் மீன் தொட்டியும் அலையை விழுங்கும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் 5 கிகாஹெர்ட்ஸைக் கடுமையாகத் தடுக்கும், 2.4 கொஞ்சம் ஊடுருவும். குச்சி ஆன்டெனாவின் நுனிப்பக்கம் சிக்னல் மிகக் குறைவு, பக்கவாட்டில்தான் பரவும். ஒரே தளம் என்றால் எல்லாவற்றையும் நேராக நிறுத்துங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அக்கம்பக்கத்தார் 6-இல் இருக்கிறார்கள் என்று நீங்கள் 4-இல் வைத்தால் 1, 6 இரண்டோடும் மோதுவீர்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் போதாவிட்டால் ஒரு கேபிள் இழுத்து அந்த அறைப் பக்கம் ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே எங்கள் பரிந்துரை. ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் ஒவ்வொரு தகவலையும் ஒரே சேனலில் வாங்கித் திரும்ப அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். மெஷ் கருவிகளும் (பல கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குபவை) கேபிள் வழியே இணைத்தால்தான் முழுத் திறனைக் காட்டும்.

கேள்வி: ஸ்மார்ட் பல்பும் கேமராவும் வைஃபையில் சேர மறுக்கின்றன. போனும் லேப்டாப்பும் சேர்கின்றன.

பதில்: இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், போன் 5-இல் நிற்க, பல்பைத் தேடும் செயலி குழம்பிவிடும். 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, போனையும் அதில் சேர்த்துவிட்டு முயலுங்கள். பாதுகாப்பு வகை ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்று இருந்தால் ‘டபிள்யூபிஏ2’ அல்லது இரண்டும் கலந்ததாக மாற்றுங்கள். சேனல் 12, 13 வேண்டாம். சில கருவிகள் அவற்றைத் தேடுவதே இல்லை. வைஃபை பெயரிலும் பாஸ்வேர்டிலும் இடைவெளியோ விசித்திரக் குறிகளோ இருந்தால் நீக்கிப் பாருங்கள்.

கேள்வி: 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் திடீரென்று மறைந்து, கொஞ்ச நேரத்தில் தானாக வருகிறது. 2.4 அப்படியே இருக்கிறது.

பதில்: ரவுட்டர் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறது! சேனல் 52 முதல் 144 வரை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் பகுதி. அங்கே ஒலிபரப்பும் முன் ரவுட்டர் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். நடுவில் ரேடார் துடிப்பு போல ஏதாவது தெரிந்தால் 10 விநாடிக்குள் விலகி, 30 நிமிடம் அந்தச் சேனல் பக்கம் வரக் கூடாது. சேனலை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து 36-இல் வையுங்கள், அகலம் 80. அகலத்தை 160 ஆக்கினால் 36-இலிருந்து 64 வரை விரிந்து மறுபடி ரேடார் பகுதிக்குள் போய்விடும்.

கேள்வி: அக்கம்பக்கத்தில் யாரோ எங்கள் வைஃபையைப் பயன்படுத்துகிறார்கள் என்று சந்தேகம். பெயரை மறைத்து வைத்தால் போதுமா?

பதில்: போதாது. மறைத்த பெயரைக் கண்டுபிடிக்கும் இலவசக் கருவிகள் எத்தனையோ உண்டு. வைஃபை பாஸ்வேர்டை 12 எழுத்துக்குக் குறையாமல் மாற்றுங்கள். பழைய கருவிகள் எல்லாம் ஒரே நொடியில் வெளியேறிவிடும். ரவுட்டர் பக்கத்துக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு, அதையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் எண் கொடுத்துச் சேரும் ‘டபிள்யூபிஎஸ் பின்’ வசதியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம் போலத் தெரிந்தாலும் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதாலும் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்பதாலும், அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைந்துவிடும். இந்த ஓட்டை 2011-லேயே வெளியான ஒன்று. விருந்தினருக்கு கெஸ்ட் நெட்வொர்க் (தனி வைஃபை) கொடுங்கள்.

கேள்வி: ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டேன். இப்போது ஒன்றுமே இல்லை.

பதில்: ஸ்டிக்கரில் உள்ள வைஃபை பெயர், பாஸ்வேர்டு வழியே உள்ளே போங்கள். அழிந்தது பிபிபிஓஇ விவரம். சேவை நிறுவனத்திடம் கேட்டு மறுபடி போட வேண்டியதுதான். வேலை முடிந்ததும் ‘பேக்கப்’ எடுத்து வையுங்கள். ரீஸ்டார்ட் செய்ய மின்சாரத்தை அணைத்துப் போட்டால் போதும். அந்தச் சின்னத் துளையில் உள்ள ரீசெட் பொத்தான் வேறு, அது எல்லா அமைப்பையும் அழித்துவிடும்.

கேள்வி: பழைய ரவுட்டரை மாடியில் ஆக்சஸ் பாயின்ட் ஆக்க முடியுமா? அதில் அந்த முறை இல்லை.

பதில்: முடியும், வரிசை தவறக் கூடாது. கணினியை பழைய ரவுட்டரோடு மட்டும் கேபிளில் இணையுங்கள். அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். முதன்மை ரவுட்டர் 192.168.1.1 என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம். அந்த எண்ணை முதன்மை ரவுட்டர் வேறு கருவிக்குக் கொடுத்துவிடாதபடி, அதன் டிஹெச்சிபி (தானாக முகவரி வழங்கும்) வரிசை 100-இலிருந்து தொடங்கட்டும். புது முகவரியில் மறுபடி நுழைந்து, வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றையும் கீழ்த்தளத்தின் முதன்மை ரவுட்டரில் உள்ளதைப் போலவே வையுங்கள். சேனல் மட்டும் வேறு. கடைசியாக டிஹெச்சிபியை அணையுங்கள். முன்கூட்டியே அணைத்தால் கணினிக்கு முகவரி கிடைக்காமல் உள்ளேயே போக முடியாது. கீழிருந்து வரும் கேபிளை இதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். இன்டர்நெட் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

கேள்வி: நான்கைந்து பேர் சேர்ந்து பயன்படுத்தினால் ரவுட்டர் தானாக அணைந்து எழுகிறது.

பதில்: அடாப்டரைப் பாருங்கள். ரவுட்டரில் 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்று இருக்க, கைக்குக் கிடைத்த 12 வோல்ட் 0.5 ஆம்பியர் அடாப்டரில் ஓட்டினால், சுமை ஏறும்போது வோல்டேஜ் சரிந்து ரவுட்டர் விழுந்து எழும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். அடாப்டர் முள்ளின் நடுப்பகுதி நேர்முனையா என்ற குறியையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். அடாப்டர் சரியாக இருந்தும் நிற்காவிட்டால், காற்றோட்டத் துளைகள் தூசியால் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.