காஸ்மாஸ் பத்தி கேட்டீங்க, சொல்றேன் – கேள்வி பதில்

ரெண்டு வாரமா சேர்ந்துபோன கேள்வியெல்லாம் இன்னைக்கு ஒரே உக்காருல முடிச்சிடலாம்னு இருக்கேன். புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி: 1980ல அமெரிக்காவுல பிபிஎஸ் டிவில வந்த, வானியலாளர் கார்ல் சேகனோட அறிவியல் தொடர் காஸ்மாஸ், 13 எபிசோட், அப்புறம் 2014ல நீல் டிகிராஸ் டைசன் பண்ணின காஸ்மாஸ், அதுவும் 13, பெரும்பாலும் இந்த ரெண்டைப் பத்திதான் பேச்சு. நான் விஞ்ஞானி எல்லாம் கிடையாது, ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுக்கற வாத்தியார். பழசை எத்தனை தடவை பாத்தேன்னு எண்றதை எப்பவோ விட்டாச்சு.

சார், பழைய காஸ்மாஸ் எதுல ஆரம்பிக்கறது? கிராபிக்ஸ் எல்லாம் அரதப் பழசா இருக்கும்ல, போரடிக்குமா?

முதல் எபிசோட்ல இருந்துதான் போகணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. யார் கேட்டாலும் மூணாவதுல ஆரம்பிங்கன்னு சொல்லுவேன், கெப்ளர் கதை. சேகன் முதல்ல ஜோசியத்தைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு அப்புறம்தான் கெப்ளருக்கு வருவாரு. கெப்ளர், டைகோ பிராஹே ரெண்டு பேரும் வானியலாளர்கள். டைகோ கிட்ட இருபது வருஷத்துக்கு மேல உக்காந்து எடுத்த கிரக அளவுகள் இருக்கு, கெப்ளர் கிட்ட கணக்கு இருக்கு, ரெண்டு பேருக்கும் ஒத்தே போகல, 1601ல டைகோ செத்த அப்புறம்தான் அந்த அளவெல்லாம் முழுசா கெப்ளர் கைக்கு வருது. செவ்வாயோட பாதையை வட்டத்தை வெச்சே வருஷக்கணக்கா போட்டுப் பாக்கறாரு, கடைசில 8 ஆர்க்மினிட் (ஒரு டிகிரில 60ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்மினிட்) இடிக்குது. அது எவ்வளவுன்னா பௌர்ணமி நிலா அகலத்துல கால் பங்கு. வேற ஆளா இருந்தா அளந்தவன் தப்பா அளந்துட்டான்னு சொல்லிட்டுப் போயிருப்பான். இவரு, டைகோ அவ்வளவு தப்பு பண்ற ஆள் இல்லன்னு நம்பி, ரெண்டாயிரம் வருஷமா எல்லாரும் கும்பிட்ட வட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டாரு, 1609ல நீள்வட்டம்னு புத்தகம் வந்துச்சு. இதுல எங்கேயாவது கிராபிக்ஸ் தேவைப்படுதா சொல்லுங்க.

பழைய கிராபிக்ஸையும் லேசா நினைக்காதீங்க. எகிப்துல அந்தக் காலத்துல இருந்த அலெக்சாண்ட்ரியா நூலகத்துக்குள்ள சேகன் நடந்து போறாரே, அது சின்ன மாடல், அவர் நடந்தது நீலத் திரை போட்ட வெறும் செட்ல. அவரைப் பிடிக்கற கேமரா எப்படி நகருதோ அதே கணக்குல மாடலுக்குள்ள இன்னொரு கேமரா நகரும், ரெண்டையும் ஒட்டிட்டா ஆள் உள்ள நடக்கற மாதிரியே இருக்கும். கம்ப்யூட்டர்ல படம் வரையற வசதி சரியா இல்லாத காலம் அது.

அண்ணா, பிரம்மாவோட ஒரு பகல்தான் பிரபஞ்சத்தோட வயசுன்னும், நம்ம முன்னோர் பிக் பேங் (பிரபஞ்சம் ஆரம்பிச்ச பெருவெடிப்பு) அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்கன்னு கார்ல் சேகனே ஒத்துக்கிட்டார்னும் ஒரு ஃபார்வர்டு சுத்துதே, உண்மையா?

இந்தக் கேள்வி மட்டும் நாலு பேர் கேட்டிருக்கீங்க. விஷயம் இருக்கு, ஆனா வாலை வெட்டிட்டு அனுப்பறாங்க.

அது பத்தாவது எபிசோட். நம்ம ஊர்லயே எடுத்தது, பொங்கல் கொண்டாட்டம் வரும், நடராஜர் சிலை வரும், தாராசுரம் கோவிலுக்கும் வந்திருக்காரு. தூர்தர்ஷன்ல காஸ்மாஸ் போட்ட காலத்துல எங்க தெருவுல ஒரே ஒரு வீட்டுல டிவி, பொங்கல் பானையைப் பாத்துட்டு எங்க பாட்டி "இந்த வெள்ளைக்காரனுக்கு இங்க என்ன வேலை"ன்னு கேட்டது இன்னும் காதுல இருக்கு. சரி விஷயத்துக்கு வரேன். பிரம்மாவுக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சேர்ந்தா 864 கோடி வருஷம், இது பூமியோட வயசை விட, சூரியனோட வயசை விட ஜாஸ்தி, பிக் பேங்ல இருந்து இன்னை வரைக்கும் ஆன காலத்துல சுமார் பாதின்னு சொல்றாரு. இவ்வளவு பெரிய கால அளவுல யோசிச்சதை மனசாரப் பாராட்டவும் செய்றாரு. ஆனா அதே வாக்கியத்துல, இது இன்றைய அறிவியல் சொல்ற அளவோட பொருந்தறது தற்செயல்தான், அதுல சந்தேகமே இல்லன்னு சேர்த்துத்தான் சொல்றாரு. ஃபார்வர்டுல அந்தத் தற்செயல் மட்டும் கரெக்டா காணாம போயிடுது பாருங்க, அதுதான் தற்செயல் இல்ல.

இன்னொண்ணு, விரிஞ்சு திரும்பச் சுருங்கி மறுபடி விரியற பிரபஞ்சம் சாத்தியம்தான்னு அப்ப ஒரு பேச்சு இருந்துச்சு, நடராஜரை அவர் அதோட சேர்த்துத்தான் காட்டறாரு. 1998ல விரியற வேகம் கூடிக்கிட்டே போகுதுன்னு தெரிஞ்சு போச்சு, அதுக்கு 2011ல நோபல் கொடுத்தாங்க. சுருங்கும்ங்கறதுக்கு இப்ப அந்த அளவு ஆதரவு இல்ல.

ஹைபேஷியாவைக் கொன்னதும் அலெக்சாண்ட்ரியா நூலகத்தை எரிச்சதும் ஒரே சமயம்தானே? கடைசி எபிசோட் பாத்துட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

எனக்கும் வந்துச்சும்மா, அப்புறம் படிச்சுப் பாத்தப்ப கோவம் வந்துச்சு. அலெக்சாண்ட்ரியாவுல கணக்கும் தத்துவமும் சொல்லிக் கொடுத்த ஹைபேஷியாவைக் கும்பல் கொன்னது கி.பி. 415, அது நிஜம், கொடூரம். ஆனா அந்தப் பெரிய நூலகம் அதுக்கு ரொம்ப முன்னாடியே தேஞ்சு போயாச்சு. கி.மு. 145 வாக்குல எட்டாம் தாலமி அறிஞர்களை ஊரை விட்டே விரட்டினான், கி.மு. 48ல ஜூலியஸ் சீசர் துறைமுகத்துல வெச்ச தீ, அப்புறம் நூத்துக்கணக்கான வருஷம் காசு கொடுக்க ஆள் இல்லாம, சுவடிகளைத் திரும்பப் படி எடுக்க ஆள் இல்லாம போச்சு. சுவடிக்குப் பயன்படுத்தின பாப்பிரஸ்ங்கற நாணல் தாளை அப்படியே விட்டா தானா உதிர்ந்துடும், அதுக்குத் தீயே வேண்டாம். கி.பி. 391ல செராபியம் கோவிலை இடிச்சாங்க, அங்க ஒரு கிளை நூலகம் இருந்ததுண்டு, ஆனா இடிச்ச சமயத்துல புத்தகம் இருந்ததுக்கு நல்ல சாட்சி இல்ல.

ஹைபேஷியா கொலை, ஆளுநர் ஒரெஸ்டஸுக்கும் பிஷப் சிரிலுக்கும் நடந்த அதிகாரச் சண்டையில அவர் ஆளுநர் பக்கம்னு பேர் வாங்கினதால வந்தது. அறிவியல் ஒரு பக்கம் மதம் ஒரு பக்கம்னு பிரிச்சுட்டா கதை சுலபமாயிடும், ஆனா அவரோட மாணவர்கள்ல கிறிஸ்தவங்களும் உண்டு, சினீசியஸ்னு ஒருத்தர் பின்னாடி பிஷப்பாவே ஆனாரு, அவர் ஹைபேஷியாவுக்கு மரியாதையா எழுதின கடிதங்கள் இன்னைக்கும் இருக்கு. நூலகம் கவனிப்பாரில்லாம செத்துப்போச்சுங்கறதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுக்குது, வில்லன் இருந்தா அவனைத் திட்டிட்டுத் தூங்கிடலாம்.

அப்ப டைசனோட முதல் எபிசோட்ல வர புரூனோ கார்ட்டூனும் டூப்பா ப்ரோ?

டூப் இல்ல, சாயம் ஜாஸ்தி. இத்தாலியத் தத்துவவாதி புரூனோவை 1600 பிப்ரவரி 17 ரோம்ல எரிச்சாங்க, சரி. நட்சத்திரமெல்லாம் சூரியன்தான், உலகங்கள் நிறைய இருக்குன்னு சொன்னாரு, அதுவும் சரி, அதுவும் குற்றச்சாட்டுல ஒண்ணு. ஆனா பட்டியல்ல பாதிக்கு மேல கிறிஸ்துவோட தெய்வத்தன்மை, திருத்துவம் மாதிரி சமாச்சாரம். வானத்தை அளந்து பாத்தவரும் இல்ல. முடிவில்லாத பிரபஞ்சத்தை 1576லயே தாமஸ் டிக்ஸ் இங்கிலாந்துல அச்சடிச்சு வித்தாரு, அவரை யாரும் ஒண்ணும் பண்ணல.

எங்க பொண்ணு எட்டாவது படிக்கறா, லேடி சயின்டிஸ்ட் வர எபிசோட் ஏதாவது?

2014 தொடர்ல எட்டாவது. ஹார்வர்ட் வானியல் கூடத்துல கண்ணாடித் தகடுகளை வெச்சு நட்சத்திரங்களை வகை பிரிச்ச ஆனி ஜம்ப் கேனன், ஹென்ரியட்டா லீவிட், அப்புறம் சிசிலியா பெய்ன். அவங்க 1925 ஆய்வேட்டுல நட்சத்திரத்துல பெரும்பங்கு ஹைட்ரஜனும் ஹீலியமும்தான்னு கணக்கு போட்டு எழுதினாங்க. அப்ப எல்லாரும் சூரியன்ல இருக்கற சரக்கும் பூமில இருக்கற சரக்கும் ஏறக்குறைய ஒண்ணுன்னு நினைச்சுட்டிருந்தாங்க. அப்ப வானியல்ல பெரிய தலை ஹென்ரி நோரிஸ் ரஸல் இது சாத்தியமே இல்லன்னு சொல்ல, அந்தப் பொண்ணு தன் கையாலேயே இந்த விடை அநேகமா நிஜம் இல்லன்னு எழுதிச் சேர்க்க வேண்டியதாச்சு. நாலு வருஷம் கழிச்சு 1929ல ரஸலே வேற வழியில போய் அதே விடைக்கு வந்து, அவங்க சொன்னது சரிதான்னு ஒத்துக்கிட்டாரு. அவங்க கணக்குக்கு ஆதாரமா இருந்தது 1920ல நம்ம நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாஹா போட்ட சமன்பாடு, இதைப் பொண்ணுகிட்ட மறக்காம சொல்லுங்க.

எந்த எபிசோட்ல சார் அந்த வெளிர் நீலப் புள்ளி, பேல் ப்ளூ டாட் பேச்சு? தேடித் தேடி கிடைக்கல.

பழைய தொடர்ல கிடைக்காது. பூமி ஒரு சின்னப் புள்ளியா தெரியற அந்தப் போட்டோவை வாயேஜர் 1 விண்கலம் எடுத்ததே 1990 பிப்ரவரி 14, தொடர் முடிஞ்சு ஒம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1980ல தொடர் ஓடிட்டு இருக்கும்போது நவம்பர்லதான் வாயேஜர் 1 சனி கிரகத்தையே தாண்டுச்சு, அதனால ஆறாவது எபிசோட்ல வியாழன்தான் விருந்து. அதே மாதிரி "பில்லியன்ஸ் அண்ட் பில்லியன்ஸ்"ங்கறதும் தொடர்ல கிடையாது, அமெரிக்க டிவி காமெடியன் ஜானி கார்சன் சேகனை மாதிரியே பேசிக் கிண்டல் பண்ணினது, பேர் இவர் தலையில விழுந்துடுச்சு.

பழசுல இப்ப தப்பாயிட்ட விஷயம் என்னென்ன?

பெருசா சொல்லணும்னா பிரபஞ்சத்தோட வயசு. காலண்டர் காட்டும்போது 1500 கோடி வருஷத்தை ஒரு வருஷமா சுருக்குவாரு, இப்ப 1380 கோடி. அதனால ஒரு செகண்டுக்கு 475 வருஷம்னு இருந்தது சுமார் 438 ஆயிடுச்சு. இன்னொண்ணு தப்புன்னு சொல்ல மாட்டேன், பங்கு சரியா பிரிக்கலன்னு சொல்லலாம்: பத்தாவதுல மில்டன் ஹூமசன் கதை சொல்லுவாரு, மவுண்ட் வில்சன் மலைக்கு கோவேறு கழுதைல சாமான் ஏத்திட்டுப் போன ஆளு, அப்புறம் அங்கேயே துப்புரவு வேலை, கடைசில வானியலாளர் எட்வின் ஹபிளோட சேர்ந்து கேலக்ஸி ஒளியை அளந்த வானியலாளர். அருமையான கதை, நிஜமும்கூட. ஆனா 1912லயே லோவல் ஆய்வகத்துல வெஸ்டோ ஸ்லைஃபர் அந்த அளவை ஆரம்பிச்சிட்டாரு, 1927ல லெமேத்ர் பிரபஞ்சம் விரியுதுன்னு எழுதிட்டாரு. 2018ல சர்வதேச வானியல் சங்கம், தூரம் கூடக் கூட கேலக்ஸி வேகமா விலகுதுங்கற விதியை ஹபிள்-லெமேத்ர் விதின்னு கூப்பிடச் சொல்லி ஓட்டு போட்டுச்சு.

இந்த ரெண்டும் பாத்தாச்சு. அடுத்து?

ஜேக்கப் ப்ரொனோஸ்கி 1973ல பிபிசிக்குப் பண்ணின தி அசென்ட் ஆஃப் மேன். அதைத் தயாரிச்ச ஏட்ரியன் மலோன்தான் பின்னாடி சேகன் தொடருக்கும் வந்தாரு, ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா சாயல் தெரியும். நாஜிகள் யூதர்களைக் கொன்னு குவிச்ச ஆஷ்விட்ஸ் முகாம் குளத்துல ஷூ காலோட இறங்கி நின்னு சேத்தைக் கையில அள்ளுவாரு, அந்த இடம் வரும்போது பக்கத்துல யாரும் பேசாம பாத்துக்கங்க. லேசா ஏதாவது வேணும்னா தி ஸ்கை அட் நைட், 1957ல ஆரம்பிச்சது, பேட்ரிக் மூர் 2012ல சாகற வரைக்கும் நடத்தினாரு, நடுவுல ஒரே ஒரு எபிசோட்தான் வரல, 2004ல, கெட்டுப்போன முட்டை சாப்பிட்டு வயிறு கெட்டு!

அண்ணே நான் நாகர்கோவில். முதல் எபிசோட்ல எரடோஸ்தனிஸ் குச்சி நிழலை வெச்சு பூமியை அளந்தாரே, அதை நம்மளே செய்ய முடியுமா? நீங்க சென்னைதானே?

இப்படி ஒரு கேள்விக்குத்தான்யா காத்திட்டு இருந்தேன். தாராளமா முடியும். பழைய கிரேக்க அறிஞரான அவருக்கு, எகிப்துல தெற்கே இருந்த சைனீ ஊர்ல வருஷத்துல ஒரு நாள் நடுப்பகல்ல நிழலே இல்ல, அதே நாள் அலெக்சாண்ட்ரியால 7.2 டிகிரி, அது முழு வட்டத்துல 50ல ஒரு பங்கு, ரெண்டு ஊருக்கும் தூரம் 5,000 ஸ்டேடியம் (அந்தக் காலத்து கிரேக்க தூர அளவு), 50ஆல பெருக்கினா பூமியோட சுற்றளவு 2,50,000. ஆளை வேலைக்கு வெச்சு காலடி எண்ணச் சொன்னார்னு சேகன் சொல்றதெல்லாம் கதைக்குப் போட்ட தாளிப்பு, அவரோட சொந்தப் புத்தகம் தொலைஞ்சு போச்சு, கிளியோமெடிஸ்னு ஒருத்தர் பின்னாடி எழுதினதுதான் நமக்கு மிஞ்சினது.

நமக்கு நிழலே இல்லாத ஊர் வேணும்னு இல்ல, ரெண்டு ஊர் கோணத்தோட வித்தியாசம் போதும். செப்டம்பர் 23 அன்னைக்கு ஒரு மீட்டர் குச்சியை மொட்டை மாடில தூக்குக்குண்டு விட்டு நேரா நிறுத்துங்க, தரையும் மட்டமா இருக்கணும், ரசமட்டம் வெச்சுப் பாத்துக்கங்க. கடிகாரத்துல 12 அடிச்சதும் அளக்காதீங்க, நிழல் எப்ப ரொம்பக் குட்டையாகுதோ அதுதான் உங்க நடுப்பகல். எனக்கு 12 தாண்டி ஒரு நிமிஷத்துல வரும், நீங்க மேற்கே தள்ளி இருக்கறதால உங்களுக்கு 12 மணி 12 நிமிஷம் வாக்குல. பதினோரே முக்கால்ல இருந்தே மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல் நுனில சாக்பீஸ் புள்ளி வைங்க. எனக்கு நிழல் 23 சென்டிமீட்டர் கிட்ட வரணும், உங்களுக்கு 14 கிட்ட. கோணமா மாத்தினா வித்தியாசம் அஞ்சு டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. தூரத்துக்கு ரோட்டு கிலோமீட்டரைப் போட்டுடாதீங்க, மேப்ல நேர் வடக்கு தெற்கா அளந்தா 540 சொச்சம். ஒரு சென்டிமீட்டர் பிசகினாலே கோணத்துல அரை டிகிரிக்கு மேல போயிடும், பூமி பத்து சதவீதம் ஊதியோ இளைச்சோ போயிடும், அதனால நுனி மங்கலா தெரியுதேன்னு குத்துமதிப்பா போடாம, குச்சி உச்சில ஊசித்துளை போட்ட அட்டையை ஒட்டி அந்த வெளிச்சப் புள்ளியை அளங்க. துளை தரைல இருந்து சரியா ஒரு மீட்டர் உயரத்துல இருக்கட்டும். அன்னைக்கு மேகம் வந்துட்டா 24ந்தேதி, நான் ரெண்டு நாளும் மாடில இருப்பேன், அளவை எழுதி அனுப்புங்க.