இரும்பிலும் செய்யலாமே என்று கேட்டால்?

கேள்வி: கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மர வடிவமைப்புப் போட்டி ஒன்றுக்காக, வளைந்த கூரையுடைய திறந்தவெளி வாசிப்பு மண்டபம் ஒன்றை வடிவமைத்துள்ளேன். மாடலைப் பார்த்த ஆசிரியை, "அழகாக இருக்கிறது, ஆனால் இதை இரும்பிலும் செய்யலாமே, மரம் எதற்கு?" என்று கேட்டுவிட்டார். சமர்ப்பிக்க மூன்று வாரங்களே உள்ளன. விலகிவிடலாமா?

பதில்: விலக வேண்டாம். நடுவர்கள் கேட்கப்போகும் கேள்வியை உங்கள் ஆசிரியை முன்கூட்டியே கேட்டிருக்கிறார். அதற்கு விடை தேட மூன்று வாரங்கள் போதும்.

கூரையின் வளைவிலிருந்தே தொடங்குங்கள். இரும்பு எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒரே வலிமை கொண்டது. மரமோ இழை ஓடும் திசையில் மிக உறுதியாகவும், இழைக்குக் குறுக்கே எளிதில் பிளப்பதாகவும் இருக்கும். அகலமான பலகையிலிருந்து வளைவை அறுத்தெடுத்தால் இழை பாதியிலேயே விளிம்பில் முடிந்துவிடும். பாரம் ஏறும்போது அந்த இடத்தில்தான் விரிசல் விழும். மெல்லிய பட்டைகளை வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு அழுத்தினால் இழையும் வளைவோடு சேர்ந்து ஓடும். உங்கள் கூரை இவற்றில் எந்த வழியில் உருவாகிறது என்பதை வரைபடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது இணைப்பு. பால்சா என்னும் மிக இலேசான மரக் குச்சிகளைப் பசையால் ஒட்டிய சிறிய மாடலில் இணைப்பு என்ற சிக்கலே தெரியாது என்பதால், மாணவர்கள் பலர் அதைக் கடைசிவரை யோசிப்பதே இல்லை. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனெனில் மர வடிவமைப்பின் உயிரே அங்குதான் இருக்கிறது. தூணும் உத்தரமும் சந்திக்கும் ஓர் இடத்தை மட்டும் நிஜ அளவில், நிஜ மரத்தில் செய்து பாருங்கள். முளை எனும் மர ஆணியை அடிக்கும் துளை கட்டையின் முனைக்கு மிக அருகில் இருந்தால், முளை இறங்கும்போதே கட்டை இழைவழியே பிளப்பதைக் கண்ணாரக் காண்பீர்கள். ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஷிகெரு பான் வடிவமைத்து, 2013இல் சூரிச் நகரில் கட்டி முடிக்கப்பட்ட டாமீடியா என்ற ஊடக நிறுவனத்தின் அலுவலகத்தின் மரச்சட்டக இணைப்புகளைத் தேடிப் பாருங்கள். இரும்பின் துணையின்றி மரத்தை மரத்தோடு பூட்டிய விதமே அக்கட்டடத்தின் தோற்றத்தைத் தீர்மானித்திருக்கிறது.

திறந்தவெளி மண்டபம் என்பதால் ஈரத்தையும் கவனியுங்கள். ஈரம் ஏறி இறங்கும்போது பலகை அகலவாக்கில் விரிந்து சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. ஆகவே பலகைகளுக்கிடையே இடைவெளி விடுங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தை அழுகல் பூஞ்சை தாக்குவதில்லை. தூணின் அடிமுனை நீரை விரைவாக உறிஞ்சும் என்பதால் அதைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்துங்கள், கூரை விளிம்பையும் தூணுக்கு வெளியே நீட்டுங்கள்.

மரம் கார்பனைச் சேமித்து வைக்கிறது என்பதைக் குறிப்புரையில் ஒரு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். அது உண்மைதான்; உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஆனால் போட்டிக்கு வரும் எல்லாப் படைப்புகளுக்கும் அது பொருந்தும் என்பதால், உங்கள் ஆசிரியைக்கு அது விடையாகாது. அழகிய கணினிப் படங்களில் ஒன்றைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் இணைப்பின் வரைபடத்தையும் நீங்கள் செய்த நிஜ அளவு இணைப்பின் புகைப்படத்தையும் பெரிதாக வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த வாரமே அனுபவமுள்ள தச்சர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டி, எந்த வரிசையில் அறுத்துப் பூட்டுவார் என்று கேளுங்கள். அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது வாரத்தில் அவற்றைத் திருத்துங்கள்.