அடி நமுக்காத பழ டார்ட்

கேள்வி: வீட்டில் குட்டி குட்டியாகப் பழ டார்ட் (மாவுக் கிண்ணத்தில் கஸ்டர்ட் நிரப்பிப் பழம் அடுக்கியது) செய்தேன். காலையில் மொறுமொறுவென்று இருந்தது. மாலையில் விருந்தாளிகள் எடுத்தபோது அடி ஊறி, கையிலேயே உடைந்துவிட்டது. ஓரங்களும் வேகும்போதே சரிந்துவிட்டன. எங்கே தவறு? பேசாமல் கடையிலேயே வாங்கிவிடலாமா?

பதில்: பழத்தின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. பெரும்பாலும் கிண்ணத்தின் அடி சரியாக வெந்திருக்காது. ஓரம் சிவந்ததுமே ஓவனை அணைத்துவிடத் தோன்றும். அடியோ அப்போதும் வெளுத்தே கிடக்கும். அச்சில் பரப்பிய மாவின் மேல் பட்டர் பேப்பர் போட்டு, உலர்ந்த கொண்டைக்கடலையை நிரப்பி, 180 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டையும் எடுத்துவிட்டு இன்னும் 7, 8 நிமிடம். ஒன்றை மட்டும் அச்சிலிருந்து மெதுவாகக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடி பிஸ்கட் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். நகத்தால் தட்டினால் 'டக்'கென்று கேட்க வேண்டும். இந்தச் சோதனையை நான் ஒருநாளும் விடுவதில்லை. தேறியதும் உள்பக்கம் முட்டை வெள்ளைக்கருவை மெல்லியதாகப் பூசி, 2 நிமிடம் மறுபடி ஓவனில் வைத்தால் கஸ்டர்டின் ஈரம் சீக்கிரம் இறங்காது.

ஓரம் சரிந்தது மாவைப் பிசைந்ததால். 200 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 50 கிராம் ஐசிங் சுகர், ஒரு மஞ்சள் கரு; உருண்டையாகச் சேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். பிசையப் பிசைய மாவில் இழுவை ஏறும், சூட்டில் அது சுருங்கும். அச்சில் பரப்பிய பிறகும் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

கஸ்டர்ட் கெட்டியானதும் இறக்கிவிடாதீர்கள். கொப்புளம் வெடித்துக் கொதிக்க ஆரம்பித்த பிறகும் ஒரு நிமிடம் கிளறுங்கள். மஞ்சள் கருவில் உள்ள நொதி அந்தக் கொதியில்தான் அடங்கும். இல்லாவிட்டால் சோள மாவின் கெட்டித்தன்மையை அது கரைத்து, சில மணி நேரத்தில் கஸ்டர்டை நீர்க்கவைத்துவிடும். வேகவைக்காத கிவியும் அன்னாசியும் பால் சேர்ந்த கஸ்டர்டின் மேல் நெடுநேரம் இருந்தால் கசக்கும், அவற்றைப் பரிமாறும்போது வையுங்கள். எந்தப் பழமானாலும் ஈரம் போகத் துடைத்துத்தான் அடுக்க வேண்டும்.

வாங்குவதிலும் தப்பில்லை. எப்போது நிரப்பினார்கள் என்று மட்டும் கேளுங்கள். அன்று நிரப்பியது என்றால் வாங்கலாம். வெறும் கிண்ணமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்து, விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கஸ்டர்டை நிரப்பிப் பழத்தை அடுக்கிக்கொள்ளுங்கள்.