இருளில் மின்சார சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

2019-இல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து, மின்சார சைக்கிளில் இரவில் பயணம் செய்வோர் விளக்கைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவருக்கும் உதவும் என்பதால் இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: காலணித் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து, இரவு பத்தரை மணிக்கு மேல் ஏழு கிலோமீட்டர் மின்சார சைக்கிளில் வீடு திரும்புகிறேன். வண்டியோடு வந்த விளக்கின் வெளிச்சம் முன்சக்கரத்தைத் தாண்டிப் போவதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு மாட்டும் 20 வாட் எல்.இ.டி. விளக்கை மாட்டிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். மாட்டலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் கணவரின் அக்கறை சரியானது, அவர் சொல்லும் விளக்கு மட்டும் வேண்டாம். வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளியேறும் ஒளியின் மொத்த அளவு. உங்களுக்கு வேண்டியது சாலையின் மேல் வந்து விழும் ஒளி. அதன் அளவுக்கு லக்ஸ் என்று பெயர். ஒரே விளக்கு 10 மீட்டர் தொலைவில் 40 லக்ஸ் தருமானால், 20 மீட்டரில் அது 10 லக்ஸாகக் குறைந்துவிடும், ஏனெனில் தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே, ஒளியை நாலாபக்கமும் சிதறவிடும் 20 வாட் விளக்கைவிட, அதைத் திரட்டிச் சாலையின் மேல் கிடத்துகிற 5 வாட் விளக்கு உங்களுக்கு அதிகமாக வழிகாட்டும்.

எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கடக்கிறீர்கள். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடையையோ, சாலை நடுவில் படுத்திருக்கும் மாட்டையோ கண்டு, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒன்றரை நொடி போய்விடும். அதற்குள் 10 மீட்டர் கடந்திருப்பீர்கள். உலர்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 6 முதல் 8 மீட்டர் வேண்டும், ஈரச் சாலையில் இன்னும் கூடுதலாக வேண்டும். ஆகவே 25 முதல் 30 மீட்டர் வரை தெளிவாகக் காட்டும் விளக்கு உங்கள் பாதைக்குப் போதும்.

மோட்டார் சைக்கிளுக்குத் துணை விளக்காக விற்கப்படும் சதுர எல்.இ.டி. விளக்குகளில் பெரும்பாலானவற்றின் ஒளி மேலும் கீழும் ஒரே அளவில் பரவுவது. அதை மாட்டிக்கொண்டு நீங்கள் வந்தால், எதிரே வருபவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், ஒரு வெள்ளை நெருப்பு மட்டுமே தெரியும். பாலாற்றுப் பாலத்தின் மேல் அப்படியொரு விளக்கு எதிரே வந்தபோது, சில நொடிகள் எதுவும் தெரியாமல் நான் கைப்பிடிச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்த நேர்ந்தது. எனக்கு முன்னால் நடந்துபோன இருவரை அந்த நொடிகளில் நான் பார்க்கவே இல்லை. கண் கூசியவர் ஓட்டும் வாகனம் உங்கள் மேலேயே திரும்பக்கூடும் என்பதால், மற்றவர் கண்ணைக் காப்பது உங்கள் உயிரைக் காப்பதும் ஆகும்.

ஆகவே கடையில் விளக்கைக் கையில் எடுத்ததும், எரியவிட்டு ஒரு சுவரின் மேல் அடித்துப் பாருங்கள். ஒளித்திட்டின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராகவும், அதற்கு மேலே ஏறக்குறைய இருட்டாகவும் இருந்தால் அது சைக்கிளுக்கென்று செய்யப்பட்ட நல்ல விளக்கு. ஜெர்மனியின் சாலை விதிகள் சைக்கிள் விளக்குகளுக்கு இத்தகைய மேல்வெட்டைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அங்கு டைனமோவில் எரியும் 6 வோல்ட், 3 வாட் விளக்கைக் கொண்டே இருட்டுச் சாலைகளில் நிம்மதியாகப் போய்வருகிறார்கள்.

மாட்டிய பிறகு கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நீங்கள் ஏறி உட்கார்ந்த நிலையில் வேறொருவர் சுவரைப் பார்க்கட்டும். விளக்கு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், சுவரில் ஒளியின் மேல்விளிம்பு 70 சென்டிமீட்டரில் விழ வேண்டும். அப்படி வைத்தால் ஒளியின் மேல்விளிம்பு 40 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறாது. நீலம் கலந்த வெள்ளையைத் தவிர்த்து, சற்று மஞ்சள் சாயல் உள்ள வெள்ளையை வாங்குங்கள். நீண்ட நேரம் பார்த்து ஓட்டுகையில் அது கண்ணுக்கு இதமாக இருக்கும்.

கேள்வி: என்னிடம் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சைக்கிள் இருக்கிறது. விளக்குக்குத் தனி பேட்டரி வாங்க வேண்டுமா, வண்டியின் பேட்டரியிலிருந்தே எடுக்கலாமா? அதிலிருந்து எடுத்தால் மைலேஜ் குறைந்துவிடும் என்றும், பேட்டரிக்குள் இருக்கும் மூன்று செல்களிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டர் தேவையில்லை என்றும் நண்பர்கள் கூறுகிறார்கள்.
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: வண்டியின் பேட்டரியிலிருந்தே எடுங்கள். ஆனால் மூன்று செல்களிலிருந்து எடுக்கும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள்.

முதலில் மைலேஜ் கணக்கு. உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 360 வாட்-மணி. முன்விளக்கு 6 வாட், பின்விளக்கு 1 வாட், கன்வெர்ட்டரில் வீணாவது 1 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 8 வாட்-மணி செலவாகும். அது உங்கள் பேட்டரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சற்றே தாண்டும். சமதளத்தில் மோட்டார் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 வாட்-மணி எடுத்துக்கொள்கிறது. ஒரு மணி நேர வெளிச்சத்துக்காக நீங்கள் இழப்பது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

இனி அந்த மூன்று செல்கள். உங்கள் பேட்டரியில் பத்து செல் தொகுதிகள் தொடராக இணைந்திருக்கின்றன. பத்தும் ஒரே அளவில் நிறைந்து, ஒரே அளவில் குறைய வேண்டும். மூன்றிலிருந்து மட்டும் விளக்குக்கு எடுத்தால், அந்த மூன்றும் ஒவ்வோர் இரவும் கூடுதலாக 0.7 ஆம்பியர்-மணி இழக்கும். பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் காப்புச் சுற்று இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய முயலும் என்றாலும், சாதாரண பி.எம்.எஸ். அதைச் சில மில்லி ஆம்பியர் கணக்கில்தான் செய்யும். உங்கள் விளக்கின் செலவுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. சில வாரங்களில் அந்த மூன்று மட்டும் காலியாகி, மற்ற ஏழில் மின்சாரம் இருக்கும்போதே பேட்டரி முழுவதும் நின்றுவிடும். நான்கு 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி உள்ள குறைவேக ஸ்கூட்டர்களில் ஒரே பேட்டரியிலிருந்து விளக்குக்கும் ஹாரனுக்கும் கம்பி இழுப்பதும் இதே தவறுதான். அந்த ஒரு பேட்டரி மற்ற மூன்றுக்கும் முன்பே செத்துப்போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆகவே முழு மின்னழுத்தத்தையும் எடுத்து, டி.சி. கன்வெர்ட்டர் மூலம் 12 வோல்ட்டாகக் குறையுங்கள். இதில் பலரும் ஏமாறுவது ஓரிடத்தில். 36 வோல்ட் என்று எழுதியிருக்கும் பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆனதும் 42 வோல்ட் காட்டும். 48 வோல்ட் பேட்டரி 54.6 வோல்ட் காட்டும். மின்னணுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிறிய கன்வெர்ட்டர் அட்டைகளில் பலவும் 40 வோல்ட் வரைதான் தாங்கும். அவை பாதி சார்ஜில் நன்றாக எரிந்து, முழு சார்ஜ் ஏற்றிய நாளில் புகைந்துவிடும், சில சமயம் விளக்கையும் சேர்த்து எரித்துவிடும். 36 வோல்ட் வண்டிக்கு 60 வோல்ட் வரையும், 48 வோல்ட் வண்டிக்கு 72 வோல்ட் வரையும் தாங்கக்கூடியதாக, ரெசின் ஊற்றி மூடிய கன்வெர்ட்டரைக் கேட்டு வாங்குங்கள். வெளியே 2 ஆம்பியர் தந்தால் தாராளம். விளக்கே 12 முதல் 80 வோல்ட் வரை தாங்கும் என்று உறையில் குறிப்பிட்டிருந்தால் கன்வெர்ட்டரே வேண்டாம்.

கம்பியைச் சாவி சுவிட்சுக்குப் பின்னாலிருந்து, அதாவது சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும் பக்கத்திலிருந்து எடுங்கள். இல்லையென்றால் கன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் சிறிது சிறிதாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும், ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால் பேட்டரி வறண்டிருக்கும். சார்ஜ் ஏற்றும் துளையிலிருந்து எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். பல பேட்டரிகளில் அந்த வழி, அளவுக்கு மீறி வடியாமல் காக்கும் சுற்றைத் தாண்டிச் செல்கிறது. கம்பி தொடங்குமிடத்திலேயே, பேட்டரிக்கு மிக அருகில், 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டே தீர வேண்டும். ஹேண்டில் திரும்பித் திரும்பிக் கம்பியின் உறை தேய்ந்து ஃபிரேமில் பட்டால், லித்தியம் பேட்டரி கொட்டும் மின்சாரம் அந்தக் கம்பியை நொடியில் பழுக்கவைத்துவிடும். பத்து ரூபாய்ப் பொருள் என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள், தம்பி.

கேள்வி: விடியற்காலை மூன்றரை மணிக்குப் பால் எடுத்துக்கொண்டு புறப்படுகிறேன். நடுவழியில் பேட்டரி தீர்ந்தால் விளக்கும் அணைந்துவிடுமே?
– வாசகர், கணியம்பாடி

பதில்: உடனே அணையாது. 36 வோல்ட் வண்டியில் மின்னழுத்தம் ஏறத்தாழ 31 வோல்ட்டுக்கு இறங்கியதும் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் அதை நிறுத்திவிடும். மேலே சொன்னபடி சாவி சுவிட்சிலிருந்து நேராக எடுத்த விளக்கு அதற்குப் பிறகும் எரியும், மிதித்தே வீடு சேரலாம். ஆனால் மோட்டார் நின்றும் பல மணி நேரம் ஓட்டினால் பி.எம்.எஸ். எல்லாவற்றையும் துண்டித்துவிடும். அதனால் யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏற்றும் சிறிய விளக்கு ஒன்றையும் பையில் வைத்திருங்கள். வேலூரின் மே மாத வெயிலில் அதை வண்டியிலேயே மாட்டிவைக்க வேண்டாம். சூடு அதன் செல்லைச் சீக்கிரம் கெடுக்கும்.

கேள்வி: டைனமோ போல, மோட்டார் சுற்றுவதாலேயே விளக்கு எரியும்படி செய்ய முடியாதா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: சைக்கிள்களில் பரவலாக இருக்கும் கியர் வைத்த ஹப் மோட்டாருக்குள் (சக்கரத்தின் நடுவில் இருக்கும் மோட்டார்) ஒரு பக்கச் சுழற்சியில் மட்டுமே பிடிக்கும் ஃபிரீவீல் இருப்பதால், நீங்கள் மிதிக்கும்போது சக்கரம் மட்டும் சுற்றும், மோட்டார் சுற்றாது. முடியாது.

கேள்வி: பின்னால் மின்னி மின்னி எரியும் சிவப்பு விளக்கு நல்லதா, நிலையாக எரிவது நல்லதா? காவலர் நிறுத்தினால் பதிவெண் கேட்பார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு

பதில்: ஐயா, மின்னும் விளக்கு கண்ணை முதலில் ஈர்க்கும் என்பது உண்மை. ஆனால் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு உங்களுக்கும் தமக்கும் எவ்வளவு தூரம் என்பதைக் கணிக்க நிலையான ஒளியே உதவும். ராணிப்பேட்டைப் பக்கம் கனரக வாகனங்கள் மிகுந்த சாலையில் போகிறவர் நிலையான சிவப்பு விளக்கையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

பதிவெண்ணைப் பொறுத்தவரை, மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இதைத் தெளிவாக்கியிருக்கிறது. துணை மோட்டார் முப்பது நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போதோ நீங்கள் மிதிப்பதை நிறுத்தும்போதோ அதன் உதவி நின்றுபோவதாகவும், தகுந்த பிரேக்கும், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டரும் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் உள்ளதாகவும் இருக்கும் சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அந்த இரண்டு ரிஃப்ளெக்டர்களும் விதியின் வாசகத்திலேயே இருப்பதைக் கவனியுங்கள். அழகு குறைகிறது என்று பலர் அவற்றைக் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் ரிஃப்ளெக்டர், பிறர் விளக்கு அதன் மேல் பட்டால்தான் ஒளிரும். விளக்கில்லாமல் வரும் டிராக்டருக்கு அது தெரியாது. எனவே அதை விளக்குக்குத் துணையாக மட்டுமே நம்ப வேண்டும். பெடல்களின் ஓரத்தில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் அசைவதால், போவது சைக்கிள்தான் என்பதைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுக்கும். அது உடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் மகன் இரவு வேலைக்கு மின்சார சைக்கிளில் போகிறான். பின்விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. இருந்தும் இரண்டு முறை பின்னால் வந்த வண்டி உரசப் பார்த்ததாகச் சொன்னான். என்ன காரணமாக இருக்கும்?
– தாய், ஆம்பூர்

பதில்: அம்மா, அவர் வேலைக்குப் புறப்படும்போது, கேரியரில் சாப்பாட்டுப் பையைக் கட்டி, மழைக்கோட்டும் அணிந்த நிலையில், நீங்கள் முப்பது அடி பின்னால் நின்று பாருங்கள். சீட்டுக்குக் கீழே மாட்டிய விளக்கைத் தொங்கும் பையும் கோட்டின் விளிம்பும் மறைப்பதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. அப்படியானால் விளக்கைக் கேரியரின் பின்விளிம்புக்கு மாற்றச் சொல்லுங்கள். பையின் பின்பக்கத்தில் ஓர் ஒளிர்பட்டையையும் நீங்களே தைத்துக் கொடுத்துவிடலாம்.