முதலில் வெந்நீர், அப்புறம் மலை

கேள்வி: ஜப்பானில் கடலோர வெந்நீர் ஊற்று ஊர்களை சைக்கிளில் சுற்ற ஆசை. எங்கே போகலாம்? ரயிலில் சைக்கிளை ஏற்ற விடுவார்களா?

பதில்: நாகசாகி மாகாணத்தின் ஷிமாபாரா தீபகற்பத்துக்குப் போங்கள். அதன் மேற்குக் கரையில் ஒபாமா என்றொரு சிற்றூர் (ஆமாம், அதே பெயர்தான்!). ஊற்று நீரின் சூடு 105 டிகிரி. அதனால் கடலோரத்தில் கால் நனைக்கும் தொட்டியையும் 105 மீட்டர் நீளத்துக்கே கட்டிவிட்டார்கள். மிதித்து அலுத்த காலை அதில் விட்டுக்கொண்டு, பக்கத்து நீராவி அடுப்பில் முட்டை வேகக் காத்திருந்தேன். அதற்காகவே மறுபடி போவேன். தீபகற்பத்தின் நடுவிலுள்ள உன்சென் மலைக்கு மிதித்து ஏறுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் ஏற்றலாம். ஆனால் சக்கரத்தைக் கழற்றி, முழு சைக்கிளையும் 'ரின்கோ' எனப்படும் சைக்கிள் உறைக்குள் மூட வேண்டும். சீட் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் ஒரு நிலையத்தில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.