மேட்டூர், ஒகேனக்கல், கோலார் தங்கவயல்: மூன்று நாளில் ஒரே சுற்றாகப் போய்வரலாமா?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "காலாண்டு விடுமுறையில் மூன்று நாள் கிடைக்கிறது. சொந்தக் காரில் நான், கணவர், 7 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமனார். மாமனாருக்கு 74 வயது, முட்டிவலி உண்டு. அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கவேலை பார்த்தவர். மாமனார் பிறந்ததும் அங்கேதான். அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். பிள்ளைகளுக்கோ மேட்டூரும் ஒகேனக்கல் பரிசலும் வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாமா? சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க முடியுமா?"

தாராளமாகச் சேர்க்கலாம். சுரங்கத்துக்குள் மட்டும் இறங்க முடியாது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடியதோடு உள்ளே இறங்கும் வேலையெல்லாம் நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. இதைப் பிள்ளைகளிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாமனாருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று இதை இரண்டு பயணமாக நினைக்க வேண்டாம். ஆறும் சுரங்கமும் இங்கே ஒரே கதை. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மைசூர் அரசு மின்சாரம் எடுத்தது. அது சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் போய்ச் சேர்ந்த இடம் கோலார் சுரங்கம். பெங்களூருக்கே 1905-ல்தான் மின்விளக்கு. சுரங்கம் ஆழமாக ஆழமாக மின்சாரம் போதவில்லை. கோடையில் ஆற்றில் தண்ணீரும் குறைந்துவிடும். 1911-ல் கிருஷ்ணராஜசாகர் அணை வேலை தொடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதையொட்டி சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் நடந்த தகராறு 1924 ஒப்பந்தத்தில் முடிந்தது. அந்த ஒப்பந்தத்தின் பலத்தில் 1925-ல் ஆரம்பித்து 1934-ல் கட்டி முடித்ததுதான் நம்ம மேட்டூர் அணை. உங்கள் மாமனாரின் அப்பா சுரங்கத்தில் பார்த்த விளக்குக்கும், பிள்ளைகள் மேட்டூரில் பார்க்கப்போகும் சுவருக்கும் நடுவே இவ்வளவு நேரான உறவு இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகப் புரியும். அதனால் ஆற்றில் ஆரம்பித்துத் தங்கத்தில் முடிப்பதுதான் சரியான வரிசை.

முதல் நாள் விடியற்காலையில் கிளம்பி, சங்ககிரி வழியாக பவானி. கூடுதுறையில் காவிரியும் பவானியும் சேருமிடத்தையும் சங்கமேசுவரர் கோயிலையும் வெயில் ஏறும் முன் பார்த்துவிடலாம். அங்கிருந்து மேட்டூருக்கு அம்மாபேட்டை, நெரிஞ்சிப்பேட்டை வழியாக ஆற்றை ஒட்டியே வரும் ரோட்டைப் பிடியுங்கள். நெடுஞ்சாலை வேகம் கிடைக்காது, ஆனால் பல இடத்தில் காவிரி கூடவே வரும். மேட்டூரில் அணைப் பூங்காவே குடும்பத்துக்குப் போதும். அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). அணை நிரம்பியிருந்து பதினாறு கண் மதகில் உபரிநீர் விட்டால், அதைப் பார்க்காமல் வராதீர்கள். தண்ணீர் நன்றாக இறங்கிய வருடமாக இருந்தால் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தியும் கிறிஸ்தவ தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அணைக்காக ஊரைவிட்டுப் போனவர்களின் தடயம் அது. பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது.

மேட்டூரிலிருந்து மேச்சேரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். பென்னாகரத்துக்கு அப்புறம் காடும் மலை வளைவும். யானை நடமாட்டம் உள்ள பகுதி, இருட்டும் முன் இறங்கிவிட வேண்டும். அதற்காக மேட்டூரில் மதியம் மூன்று மணிக்குள் வண்டியை எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் காலை பரிசல். காலாண்டு விடுமுறை என்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். அருவியில் நல்ல தண்ணீர் இருக்கும், மே மாத வெயிலும் இருக்காது. ஆனால் கர்நாடகத்தில் மழை கொட்டினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கும் காவிரி நீர்வரத்து தினமும் செய்தித்தாளில் வருகிறது. கிளம்பும் முன் நான்கைந்து நாள் அதைக் கவனித்தாலே ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். பரிசல் நின்றிருந்தால் தொங்குபாலத்திலிருந்து அருவியைப் பார்த்துத் திருப்திப்படுங்கள். தடை இருக்கும்போது "வேற பக்கமா கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது கூப்பிட்டால் போகவே கூடாது. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் வாங்கி, ஏழு வயதுப் பிள்ளைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் கேட்டுக் கட்டிய பிறகே ஏறுங்கள். பரிசலில் தாழ்வாக, காலை மடக்கி உட்கார வேண்டும். ஏறி இறங்கும்போது ஆடும். முட்டிவலி உள்ள மாமனாரை அதில் ஏற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. யாராவது ஒருவர் அவரோடு கரையில் இருங்கள். குளியல், அனுமதித்த இடத்தில் மட்டும். வழுக்குப் பாறையில் போன உயிர்கள் அதிகம். அப்புறம், கையில் தின்பண்டத்தோடு நடந்தால் குரங்கு விடாது.

மதியச் சாப்பாட்டை முடித்து தருமபுரி வழியாக கிருஷ்ணகிரி வந்து தங்குங்கள். நேரமிருந்தால் தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பாதகமில்லை. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 1965 வரை நம்ம சேலம் ஜில்லாதான். தங்கவயலுக்கு வேலைக்குப் போன தமிழர்களில் வட ஆற்காட்டுக்காரர்களோடு இந்தப் பக்கத்து ஆட்களும் நிறைய.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்குள் புறப்பட்டு, குப்பம் வழியாகப் போங்கள். ஆந்திராவைத் தொட்டு கர்நாடகத்துக்குள் நுழையும் ரோடு. சொந்தக் கார் என்பதால் கவலையில்லை. வாடகை வண்டியாக மாறினால் இரண்டு மாநிலத்துக்கும் பெர்மிட் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். வழியில் போர்டுகள் தெலுங்காகி, கன்னடமாகி, தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் இறங்கினால் காதில் விழுவது தமிழ்.

இங்கே நாளின் பெரும்பகுதியை மாமனாருக்குக் கொடுங்கள். புறப்படும் முன்பே அவரிடம் உட்கார்ந்து பேசி, எந்தச் சுரங்கம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மாரிக்குப்பமா, சாம்பியன் ரீஃபா, உரிகமா, நந்திதுர்க்கமா? தொழிலாளர்கள் இருந்தது லைன் வீடுகளில், அதாவது வரிசையாகக் கட்டிய குடியிருப்புகளில். எந்த லைன், பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது சர்ச், எந்தப் பள்ளி என்பது தெரிந்தால் டீக்கடையில் பெரியவர்கள் யாராவது வழி சொல்லிவிடுவார்கள். ஊரை மட்டும் சொல்லிக் கேட்டால் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். வீட்டில் பழைய சம்பளச் சீட்டோ பி.எஃப். காகிதமோ இருந்தால் நகல் எடுத்துப் போங்கள். அதில் கம்பெனி பெயர் குழப்பினால் பயப்பட வேண்டாம். 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகம். 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1972-ல் மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் வந்தது. உங்கள் மாமனார் பிறந்தது ஜான் டெய்லர் காலத்தில். அந்த லைன் வீடுகளில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. சுரங்கம் மூடியபோது வேலை போனவர்களும் அவர்களில் உண்டு. கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு, குழியின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களை ரோட்டிலிருந்தே காட்டலாம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேல் போனது. 1965-ல் அங்கேதான் விஞ்ஞானிகள் காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற, எளிதில் பிடிபடாத நுண்துகள்களைக் கண்டுபிடித்தார்கள். வேலி போட்ட இடத்துக்குள் மட்டும் நுழையக்கூடாது. கைவிட்ட குழிகள் உள்ளே இருக்கின்றன.

ஊரைச் சுற்றி வெளிர்நிறத்தில் குன்று குன்றாகத் தெரிவது இயற்கையான மலை அல்ல. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண், பல பத்தாண்டுகளாகக் கொட்டியது. சினிமாக்காரர்கள் படம் பிடித்த இடம் என்பதால் பிள்ளைகள் ஏறக் கேட்பார்கள். ஏற விடாதீர்கள். காற்று அடித்தால் அந்தத் தூசி கண்ணிலும் மூச்சிலும் போகும். அதோடு வாழும் ஊர்க்காரர்கள் பல வருடமாகச் சொல்லிவரும் குறை அது. தூரத்திலிருந்து பார்த்து, அது என்ன என்று சொல்லிக்கொடுத்தால் போதும். தங்கக்கல் என்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

மதியம் இரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். சேலம் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. கடைசியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. தருமபுரியிலிருந்து வரும்போது அது நீளமான இறக்கம். லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் மோதிய விபத்துகள் அங்கே ஏராளம். கியரைக் குறைத்து, இடது ஓரமாக, லாரிக்கு நேர் முன்னால் மாட்டிக்கொள்ளாமல் இறங்குங்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே கணவாயைத் தாண்டுகிற மாதிரி கிளம்பும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.