பாயும் போர்வையும் போதும், பலகாரப் பை வேண்டாம்

பவானிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மே மாதம் 10 நாள் தேவாரம் முதலான சிவன் பாட்டுகளைச் சொல்லித் தரும் எங்கள் திருமுறை முகாம் நடக்கிறது. 8 முதல் 14 வயது வரை சுமார் 60 பிள்ளைகள் அங்கேயே தங்குவார்கள். ஆண் பிள்ளைகளின் இரவுப் பொறுப்பு பன்னிரண்டு வருடமாக என்னுடையது. பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும் இவை.

ஒரு நாள் எப்படிங்க போவும்?

5.30க்கு எழுப்புவோம். குளியலறை ஆறுதான், அதனால் காலையில் வரிசை நீளும். வகுப்பில் எவ்வளவு சொல்லியும் மனசில் ஏறாத பாட்டு வரி, வாளியோடு நிற்கும்போது ஏறிவிடுகிறது! மதியம் வரை பண்ணோடு பாட்டு. கத்திரி வெயிலில் யாரும் வெளியே போகக் கூடாது, படுத்தே ஆக வேண்டும். சாயங்காலம் கபடி, கோகோ, அப்புறம் கூட்டு வழிபாடு. 9 மணிக்கு விளக்கு அணைந்துவிடும்.

ஞாயித்துக்கிழமை கோழி இல்லீன்னா பையன் சோறு திங்க மாட்டானுங்க.

இங்கே சைவம்தான். ராகிக் களிக்கு முதல் நாள் எல்லாரும் மூஞ்சியைச் சுளிப்பார்கள். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றிப் போடும் நாளில் அண்டாவைச் சுரண்டுவார்கள். தயவுசெய்து முறுக்கும் சிப்ஸும் கட்டிக் கொடுக்காதீர்கள். எறும்புக்குத்தான் கொண்டாட்டம்.

தினமும் ஒருக்கா போன்ல பேச உடுவீங்களாண்ணா? அழுவாளேன்னு பயமா இருக்கு.

விட மாட்டோம். ஒரு வருடம் விட்டுப் பார்த்தோம். கபடியில் புழுதியோடு நின்ற பையனிடம் அவன் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி), "உன்னைய உட்டுட்டுச் சோறு எறங்கல கண்ணு" என்று அழுதுவிட்டார். அடுத்த பஸ்ஸில் அவன் ஊருக்குப் போய்விட்டான். இப்போது ஐந்தாம் நாள் ஒரு தடவை மட்டும். அவசரமென்றால் நாங்களே கூப்பிடுவோம்.

அழுகை வருவது பெரும்பாலும் இரண்டாம் நாள் இரவு. முதல் நாள் எல்லாம் புதுசு, தூங்கிவிடுவார்கள். மறுநாள் விளக்கணைத்ததும் ஒரு மூலையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும், பத்து நிமிடத்தில் நாலு பேர். சமாதானம் சொல்வதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். நேராகச் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போய் மறுநாள் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார வைப்பேன். எல்லார் கண்ணிலும் தண்ணீர் கொட்டும். யார் வீட்டுக்காக அழுகிறான், யார் வெங்காயத்துக்கு அழுகிறான் என்று ஒருத்தனுக்கும் தெரியாது. வெட்கம் போனதும் பேச்சு வந்துவிடும். பெண் பிள்ளைகள் பக்கம் ஆசிரியைகளும் இதையே செய்கிறார்கள்.

பையனுக்கு ஒன்பது வயசு. சில நாள் பாயை நனைச்சுடறான்.

எங்களிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். போர்வை கூடுதலாக ஒன்று. ராத்திரி இரண்டு தடவை எழுப்புவேன். அவனை மட்டும் எழுப்பினால் தெரிந்துவிடும், பக்கத்தில் படுத்திருப்பவர்களையும் சேர்த்தே எழுப்புவேன். திட்டுவார்கள், பரவாயில்லை.

மகள் அங்கே இருக்கும்போது மாதவிலக்கு வந்தால்?

ஆசிரியைகளிடம் நாப்கின் இருக்கும். கோயிலுக்குப் போவது உங்கள் வீட்டு வழக்கப்படி. பாட்டு வகுப்புக்குத் தடையே இல்லை.

காய்ச்சலுக்குப் பதிகம் பாடுவீர்களாமே?

பாடுவோம். பதிகம் என்றால் சுமார் பத்துப் பாட்டு சேர்ந்தது. திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது சம்பந்தர் பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம், நம் ஊர்ப் பதிகம். ஆனால் டாக்டரிடம் போக வண்டி வரும் வரைக்கும்தான் பாட்டு. என்ன மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று படிவத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

கூடுதுறையில் குளிக்க விடுவீர்களா?

ஆறுகள் சேரும் அந்தத் துறையில் இருக்கிற சங்கமேசுவரர் கோயிலில் தரிசனம் உண்டு. ஆற்றில் கால் வைக்க அனுமதி இல்லை. கெஞ்சினாலும் இல்லை.

பத்து நாளில் எத்தனை பதிகம் வரும்?

மூன்று வந்தால் பெரிசு. ஆனால் கதைகள் ஒட்டிக்கொள்ளும். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி, அத்தனை வருட வளர்ச்சியோடு மீட்ட கதையைப் போன வருடம் சொன்னேன். ஒரு வாண்டு எழுந்து, "அப்ப அவன் சட்டை பத்தாமப் போயிருக்குமே சார்?" என்றான். ஓதுவாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று விளக்கை அணைத்துவிட்டேன்.